முளைகளும் கயிறுகளும்



ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் நிற்கும் வெள்ளை ஆம்னி வேன் ஏன் இரண்டு வாரங்களாக ஓடவில்லை என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். அதனுள் இப்போது எஞ்சின் இல்லை. அதைக் கழற்றி இறக்கியவர்கள் நம் சபையாரே.

மாருதி நிறுவனம் இந்த வகை வேனை 1984இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆம்னி என்ற பெயர் 1988இல் வந்தது. 2019இல் உற்பத்தி நின்றது. பள்ளிப் பிள்ளைகளையும் கல்யாணப் பாத்திரங்களையும் நோயாளிகளையும் ஒரே மாதிரி சுமந்த வண்டி அது. அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. சித்திரை வெயிலில் அதை ஓட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எஞ்சின் அங்கே இருப்பதால் அதை மேலே தூக்கி எடுக்க இயலாது. வண்டியை உயர்த்தி, கீழ்வழியாகவே இறக்க வேண்டும்.

நம் வேன் நீலப்புகை விட ஆரம்பித்து மாதங்கள் ஆகின்றன. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து எண்ணெய் எரிகிறது என்பதற்கு அது அடையாளம். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். அது நியாயமற்ற யோசனையும் அல்ல. ஆனால் முத்தமிழ் நகர், எம்.கே.பி. நகர், மூலக்கடைப் பக்கமிருந்து ஐந்து முதியவர்கள் இந்த வண்டியில்தான் திருவிருந்துக்கு வருகிறார்கள். வண்டி போனால் அவர்கள் ஞாயிறு ஆராதனையும் போய்விடும். லேத் பட்டறை வேலைக்கு மட்டும் செலவு செய்து, கழற்றும் வேலையை நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஒருவர் முன்வந்தார்.

அவரை நீங்கள் அறிவீர்கள், பெயர் சொல்லவில்லை. எண்ணூர் அசோக் லேலண்டில் பிட்டராக வேலை செய்து ஓய்வுபெற்றவர். வயது 74. கைநடுக்கம் காரணமாக இப்போது ஸ்பேனர் பிடிக்க முடியாது. மனைவியை அடக்கம்பண்ணிய பிறகு ஆராதனை முடிந்ததும் ஒருவரோடும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறவர். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் வாலிபர் இருவர் செய்தார்கள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயர். பிறகு, எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் தண்ணீர், எஞ்சின் ஆயில், கியர் ஆயில். பின்சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுத்து, வண்டியை உயர்த்தி, இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்தினார்கள். வெறும் ஜாக்கியை நம்பி எவனும் அடியில் தலையைக் கொடுக்கக்கூடாது என்பதில் அவர் கடுமையாக இருந்தார். துருவேறிய சைலன்சர் நட்டுகள் இரவு முழுவதும் எண்ணெயில் ஊறின. ஆக்சிலேட்டர், கிளட்ச், சோக் கேபிள்கள், பெட்ரோல் ஹோஸ், கார்பரேட்டருக்குப் போகும் மெல்லிய குழாய்கள் என்று ஒவ்வொன்றாகக் கழன்றன. புரொப்பெல்லர் ஷாஃப்ட் இணையும் இடத்தில், கழற்றுவதற்கு முன் இரு பக்கமும் சேர்த்து ஒரு கோடு போடச் சொன்னார். திரும்ப மாட்டும்போது அதே நிலையில் பொருந்த வேண்டுமாம். ஒரு பையன் நான்கு போல்ட்டுகளை ஒரே கையில் வைத்துக்கொண்டு ஐந்தாவதைக் கழற்றப் போனான். “தம்பி, அதை எழுதி வச்சிட்டு அடுத்ததுக்குப் போப்பா” என்றார். அவன் டேப்பில் எழுதி ஒட்டும் வரையில் வேலை நின்றது.

இந்த இடத்தில் எனக்கு எண்ணாகமம் நான்காம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. வேதத்தை ஓராண்டில் வாசித்து முடிக்கிறவர்கள் வேகமாகக் கடந்துபோகும் பகுதி அது. ஆசரிப்புக் கூடாரம் கழற்றிக் கொண்டுபோகும்படி கட்டப்பட்டது. மேகம் எழும்பினால் பாளயம் புறப்பட வேண்டும். எப்போது எழும்பும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. கோகாத் புத்திரர் பரிசுத்த பணிமுட்டுகளைத் தோளில் சுமந்தார்கள். மெராரி புத்திரருக்குக் கிடைத்தவை பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், பாதங்கள், முளைகள், கயிறுகள். பலகைகள் மட்டும் 48. வெள்ளிப் பாதங்கள் 100, ஒவ்வொன்றும் ஒரு தாலந்து எடை. இவற்றுக்காகவே நான்கு வண்டிகளும் எட்டு மாடுகளும் அவர்களுக்குத் தரப்பட்டன. வேலைக்கு எண்ணப்பட்ட லேவியரில் அவர்களே அதிகம்: 3,200 பேர். அவர்கள் சுமக்க வேண்டிய பொருள்களைப் பெயர்பெயராக ஒப்புவிக்கும்படி கட்டளை இருக்கிறது. உடன்படிக்கைப் பெட்டிக்கு அப்படிச் சொல்லியிருந்தால் வியப்பில்லை. சொல்லப்பட்டிருப்பது முளைக்கும் கயிற்றுக்கும். வனாந்தரத்தில் ஒரு முளை காணாமற்போனால் வாங்கிவர புதுப்பேட்டை கிடையாது.

அந்தப் பணிக்கு வயது முப்பது முதல் ஐம்பது வரை. எட்டாம் அதிகாரத்தின் முடிவு இன்னும் சிறிது தூரம் போகிறது: ஐம்பதானவன் சுமக்கும் வேலையை விட்டுவிட வேண்டும், ஆனால் காவல் காப்பதில் தன் சகோதரருக்குத் துணையாக நிற்கலாம். கூடாரத்தைவிட்டு அவனை வெளியே அனுப்பவில்லை. இன்றைய சபைகள் ஓய்வுபெற்றவருக்குப் பொன்னாடை போர்த்துகின்றன, முன்வரிசையில் நாற்காலி போடுகின்றன. வேலை மட்டும் கொடுப்பதில்லை. அந்த லேவியனின் வயதைத் தாண்டிவிட்ட நானும் இதைச் சுயநலத்தோடுதான் வாசிக்கிறேன்.

மூன்றாம் நாள் மாலை, பலகை வைத்த டிராலி ஜாக்கியை அடியில் கொடுத்து, மவுண்ட் போல்ட்டுகளை எடுத்து, எஞ்சினை அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். அது தரையைத் தொடும்வரை அவர் பேசவில்லை. பிறகு அந்த இரு பையன்களையும் தம் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்துப் போனார். இரவு ஒன்பது மணிவரை அவர்கள் திரும்பவில்லை என்று ஒரு தாயார் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

எஞ்சின் இப்போது லேத் பட்டறையில் இருக்கிறது. அது திரும்பி வரும்வரை, முன்சொன்ன ஐந்து பேரையும் ஞாயிறு காலையில் அழைத்துவர கார் அல்லது ஆட்டோ வைத்திருப்பவர்கள் என்னிடம் சொல்லுங்கள். வெஸ்டரி மேசையில் டேப் ஒட்டிய 14 டப்பாக்கள் இருக்கின்றன. ஆலயம் சுத்தம் செய்கிறவர்கள் தயவுசெய்து அவற்றை நகர்த்த வேண்டாம்.