யார் கை, யார் முகம்

தினசரி சவரத்துக்குப் பிளேடு நல்லதா, மின்சார ஷேவர் நல்லதா என்று கேட்பவர்களிடம், ‘யாருக்கு?’ என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. பிளேடு எனக்கு, ஷேவர் அப்பாவுக்கு. இரண்டோடும் தினமும் பழகுவதால், இரண்டின் அருமையும் எனக்குத் தெரியும்.

பிளேடு சவரத்தில் பாதி வேலையைச் செய்வது தண்ணீர். உலர்ந்த தாடி முடி விறைப்பானது. வெந்நீரில் முகத்தைக் கழுவி இரண்டு மூன்று நிமிடம் விட்டால், அது நீரைக் குடித்து உப்பி இளகிவிடும். பிரஷ்ஷால் குழைத்துப் பூசிய நுரை அந்த ஈரத்தைக் காயவிடாது. பிளேடு வழுக்கிக்கொண்டு போகவும் உதவும். முதல் இழுப்பு முடி வளரும் திசையிலேயே இருக்க வேண்டும். கையால் அழுத்தக் கூடாது, ரேசரின் கனமே போதும். கழுத்தில் முடி சிலருக்குக் கீழ்நோக்கி வளரும், சிலருக்குப் பக்கவாட்டில் வளரும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், பிறகு படிகாரக் கல். அப்போது கன்னத்தில் இருக்கும் வழவழப்பை எந்த இயந்திரமும் எனக்குத் தந்ததில்லை.

இந்தச் சுகத்தைச் சாதாரண மனிதர் கைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட். அதற்கு முன், கத்தியைச் சாணை பிடிக்கவும் தோல்வாரில் தீட்டவும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் தொழில் தெரிந்தவரிடம் போக வேண்டும். கழற்றி மாட்டும் பிளேடு அந்தத் தேவையை ஒழித்தது. விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான் விற்றன. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்களுக்கு அந்த ரேசரைக் கொடுத்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்களோடு, தன் கையாலேயே தினமும் சவரம் செய்துகொள்ளும் பழக்கமும் பரவியது.

எஃகு முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. அப்படியும் பிளேடு ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். விளிம்பு சீராகத் தேய்வதில்லை. வளைந்த முடி கோணலாக மோதும் இடங்களில் சிறுசிறு துணுக்குகளாக உடைகிறது. அதனால் பிளேடு இழுக்கத் தொடங்கினால் அன்றே மாற்றிவிடுங்கள். டோபாஸ், செவன் ஓ கிளாக் போன்ற இருபக்கப் பிளேடுகள் இன்றும் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பழையதை அப்படியே குப்பையில் போடாதீர்கள், அது குப்பை அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும். ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்து, நன்றாக மூடி, தனியாகக் கொடுங்கள்.

பல அடுக்குப் பிளேடுகள் எல்லாருக்கும் ஏற்றவை அல்ல. முதல் அடுக்கு முடியை வெளியே இழுக்கிறது, அடுத்தது அதைத் தோல்மட்டத்துக்கும் கீழே வெட்டுகிறது. சுருள் முடிக்காரர்களுக்கு அந்த நுனி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து, கட்டியாகப் புடைக்கும். கழுத்தில் அப்படிப் புடைப்புகள் வருகிறவர்கள் ஒற்றைப் பிளேடுக்கோ ஷேவருக்கோ மாறிப் பார்க்கலாம்.

ஷேவரில் கத்தி நேரடியாகத் தோலில் படுவதே இல்லை. நுண்துளைகள் நிறைந்த மெல்லிய உலோகத் தகடுதான் முகத்தில் உரசும். துளை வழியே உள்ளே நுழையும் முடியை, தகட்டுக்குப் பின்னால் வேகமாக அசையும் கத்தி வெட்டும். அமெரிக்க ராணுவ அதிகாரியாக இருந்த ஜேக்கப் ஷிக் 1931இல் மின்சார ஷேவரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1939இல் பிலிப்ஸ் நிறுவனம் கத்தி சுழலும் வட்டத் தலை ஷேவரை வெளியிட்டது. தகட்டு ஷேவரை நேராக ஓட்ட வேண்டும், வட்டத் தலையைச் சுழற்றிச் சுழற்றி ஓட்ட வேண்டும்.

இடையில் ஒரு தகடு இருப்பதால், பிளேடு அளவுக்கு ஒட்ட வெட்டாது. சாயங்காலமே கன்னம் சொரசொரக்கும். நாலைந்து நாள் தாடியை அது சமாளிக்காது, முதலில் டிரிம்மரால் குறைக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த முகத்தில் ஓட்டினால் இழுக்கும். துடைத்துவிட்டுக் கொஞ்சம் பவுடர் பூசினால் சரியாகப் போகும். விலையும் அதிகம், தகடும் கத்தியும் தேய்ந்தால் மாற்றும் செலவும் உண்டு. இத்தனையும் தெரிந்துதான் அப்பாவுக்கு அதை வாங்கினேன்.

அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவர். தாடியோடு வகுப்புக்குப் போனதே இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஜன்னலோரம் கண்ணாடியை வைத்துக்கொண்டு தினமும் சவரம் செய்துவிட்டுத்தான் காபி குடிப்பார். இதய சிகிச்சைக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சின்னக் கீறல் விழுந்தாலும் ரத்தம் லேசில் நிற்காது. அதன்மேல் கை நடுக்கமும் வந்து சேர்ந்தது. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து சவரம் செய்துவிட ஒரு சலூன்காரரை ஏற்பாடு செய்தோம். அவர் நன்றாகவே செய்தார். ஆனால் நடுவில் இருந்த நாட்களில் யாராவது பார்க்க வந்தால், அப்பா துண்டால் முகவாயை மறைத்துக்கொள்வார். மருத்துவர்தான் மின்சார ஷேவருக்கு மாறச் சொன்னார்.

முதலில் அப்பாவுக்குத் திருப்தி இல்லை. “சத்தம்தான்டா வருது, சவரம் ஆன மாதிரியே இல்லையே” என்றார். “தோல் பழகணும்ப்பா, கொஞ்ச நாள் பாருங்க” என்றேன். சில வாரங்களில் எரிச்சல் அடங்கியது. தளர்ந்த கழுத்துத் தோலை நான் விரலால் இழுத்துப் பிடித்து ஓட்டிவிடுவேன். ஒரு நாள் அவரே ஷேவரை என் கையிலிருந்து வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கை நடுங்கத்தான் செய்தது, ஆனால் நடுங்கும் கையிலும் அது அவரை வெட்டவில்லை. இப்போது கன்னங்கள் இரண்டும் அவர் வேலை, முகவாயும் கழுத்தும் என் வேலை. ஷேவர் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது அந்தக் காலை நேரத்தை.

மருத்துவமும் இந்த வழியில்தான் போகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் பிளேடால் முடியை மழிக்க வேண்டாம், கட்டாயம் என்றால் கிளிப்பரால் மட்டும் எடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வழிகாட்டியது. பிளேடு விடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்கூட கிருமிக்கு வழிவிடும் என்பதே காரணம்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். கை உறுதியாக இருந்து, காலையில் பத்து நிமிடமும் இருந்தால், ஒற்றைப் பிளேடு ரேசரே போதும். செலவும் குறைவு, சவரமும் சுத்தம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சர்க்கரை நோய், கை நடுக்கம், மங்கிய பார்வை, இவற்றில் எது இருந்தாலும் ஷேவர்தான். உங்கள் வீட்டில் வயதான ஒருவர் பல நாள் தாடியோடு உட்கார்ந்திருந்தால், அது அவர் விருப்பமா முடியாமையா என்று கேளுங்கள். முடியாமை என்றால் ஒரு ஷேவரை வாங்கிவந்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே செய்துவிடுங்கள்.