பில்ரர் கொப்பி

நான் படித்த பாடசாலையின் சுவரில் ஒரு கருங்கல் பதித்திருக்கிறது. மேலே பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளையின் பெயர். அதன் கீழே நன்கொடையாளர்கள் பதினொரு பேரின் பெயர்கள். அடியில் நான்கு வரிக் கவிதை. அந்தக் கவிதை என்னுடையது. தண்ணீரைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஒரே இரவில் எழுதிக் கொடுத்தேன். கொரோனாவுக்கு முந்திய வருடம் நடந்த திறப்பு விழாவில் நானே அதை வாசித்தேன்.

எங்களுடையது வவுனியா மாவட்டத்துக் கிராமம். கிணற்றுத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். புளோரைட்டும் அதிகம். லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். என் பல்லிலும் இருக்கிறது. இளவயதுப் படங்கள் எதிலும் நான் வாய் திறந்து சிரித்ததில்லை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் எங்கள் மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. அதனால் பாடசாலைக்கு ஆர்.ஓ இயந்திரம் வந்தபோது நான் மகிழ்ந்தது பொய்யில்லை.

திறப்பு விழாவன்று கொம்பனி ஆள் வந்து இயந்திரத்தை விளக்கினார். மோட்டர் தண்ணீரை அழுத்தி ஒரு சவ்வுக்குள்ளால் தள்ளும். உப்பும் புளோரைட்டும் இந்தப் பக்கம் நிற்க, நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் போகும். சவ்வுக்கு முன்னால் இருக்கும் பில்ரர்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சவ்வு கவனமாகப் பார்த்தால் இரண்டு, மூன்று வருடம் நிற்கும். இந்தப் பயிற்சியைப் பெற்றவர்கள் இரண்டு ஆண் ஆசிரியர்கள். அவர்களுடைய பெயர்கள் கோப்பில் ஏறின. இரண்டு வருடத்துக்குள் இருவருக்கும் இடமாற்றம் வந்துவிட்டது.

இயந்திரத்தை உண்மையில் பார்த்துக்கொண்டவர் பாடசாலை கூட்டும் அக்கா. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கொடுக்கும் சிறு கொடுப்பனவுதான் அவருடைய வருமானம். நிரந்தர நியமனம் இல்லை. பயிற்சி நடந்தபோது அவர் கதிரைகள் அடுக்கிக்கொண்டு நின்றார். அடுக்கியபடியே கேட்டு வைத்திருக்கிறார். காலையில் எல்லாருக்கும் முதல் வந்து இயந்திரத்தைப் போடுவார். முதலில் வரும் தண்ணீரை ஓடவிடுவார். தாங்கியைக் கழுவுவார், குழாய்களைத் துடைப்பார். பில்ரர் செம்மண் நிறமானால் அதிபருக்குச் சொல்வார்.

ஆர்.ஓ இயந்திரம் எடுக்கிற தண்ணீர் முழுவதையும் குடிக்கத் தருவதில்லை. பாதியோ அதற்கு மேலோ உப்புக் கூடிய கழிவாக வெளியேறும். எங்கள் பாடசாலையில் அது பின்பக்கத்தில் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு ஹோஸ் வாங்கி, அதைப் பெண்பிள்ளைகளின் மலசலகூடத் தாங்கிக்குத் திருப்பிவிட்டார். அதுவரை பிள்ளைகள் கிணற்றிலிருந்து வாளியில் சுமந்தார்கள். பெரிய பிள்ளைகள் பலர் மலசலகூடம் போகவேண்டி வருமே என்று பாடசாலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. மாதவிடாய் நாட்களில் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள். குடிக்கிற தண்ணீரைப் பற்றி யோசித்த நாங்கள் ஒருவரும் இதை யோசிக்கவில்லை. நானும் அந்த மலசலகூடத்துக்கு வாளி சுமந்தவள்தான். என் நான்கு வரிகளில் மழை இருந்தது, நதி இருந்தது. வாளி இல்லை.

2022ஆம் ஆண்டு வந்தது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. டொலர் ஏற, இறக்குமதியாகும் சவ்வின் விலையும் ஏறியது. இயந்திரம் நின்றது. அதிபர் லண்டனுக்கு எழுதினார். “பராமரிப்புக்கு எண்டு கேட்டால் சனம் காசு தராது. புதுசா ஒண்டு பூட்டிறது எண்டால் சேர்க்கலாம்” என்று பதில் வந்தது. பதில் எழுதியவர் என்னோடு படித்தவர். கெட்டவர் இல்லை. குளிரில் நின்று, சனத்திடம் கேட்டுக் காசு சேர்த்தவர். அவர் சொன்னது உண்மையும்கூட. திறந்துவைக்க ஒரு நாள் போதும், படம் எடுக்கலாம். பில்ரர் மாற்றுவதை யார் படம் எடுப்பார்கள்?

அடுத்த விடுமுறையில் லண்டனிலிருந்து இருவர் வந்தார்கள். நின்றுபோன இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். “இவ்வளவு காசு போட்டுத் தந்தது. ஆர் இதைக் கவனிக்காமல் விட்டது?” என்று ஒருவர் கேட்டார். அதிபர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். ஆசிரியர்களும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். யாரும் அதைத் திறக்கவில்லை. தேநீர் வந்துவிட்டது. நான் கொப்பியை வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்தேன். பில்ரர் மாற்றிய திகதிகள், தாங்கி கழுவிய திகதிகள். “கரண்ட் இல்லை.” “கொம்பனிக்கு போன் எடுத்தது. காசு போட்டால் வருவினமாம்.” “அம்மாமாரிட்டச் சேர்த்துப் பில்ரர் வாங்கினது.” பிறகு, “அதிபரிட்டச் சொன்னது.” அந்த வரி ஏழு இடத்தில் இருந்தது.

வீட்டுக்குத் தண்ணீர் வசதி இல்லாத குடும்பங்களில் பத்துக்கு ஏழில் தண்ணீர் கொண்டுவருவது பெண்களின் பொறுப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2023இல் வெளியிட்ட அறிக்கை. இந்த எண்ணைப் பெண்ணியம் படிப்பிக்கும் வகுப்புகளில் பல தடவை சொல்லியிருக்கிறேன். தண்ணீர் குழாய்க்கு வந்தபிறகும் அந்த வேலை முடிவதில்லை என்பதைக் கொப்பியை வாசித்தபிறகே கண்டேன். குடத்திலிருந்து பில்ரருக்கு மாறுகிறது, அவ்வளவுதான். பெண் செய்கிறவரை அது வேலையாகத் தெரிவதில்லை, அதனால் வரவுசெலவிலும் ஏறுவதில்லை. பிழைத்துப்போனால் மட்டும் செய்தவளைத் தேடுகிறோம்.

அந்த வருடம் லண்டன் கிளை வேறொரு பாடசாலைக்கு இயந்திரம் கொடுக்கத் தீர்மானித்து, கல்லுக்குக் கவிதை கேட்டது. மூன்று வருடப் பராமரிப்புச் செலவும் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளமும் எங்கிருந்து வரும் என்று எழுதித் தாருங்கள், பிறகு கவிதை தருகிறேன் என்றேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பழைய மாணவிகள் ஒன்பது பேர் சேர்ந்தோம். மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபா. முதல் செலவு அக்காவின் மாதக் கொடுப்பனவு, அதற்குப் பிறகே சவ்வு என்று முடிவுசெய்தோம். சவ்வுக்குக் காசு சேர ஏழு மாதம் எடுத்தது. அந்த ஏழு மாதமும் பிள்ளைகள் வாளி சுமந்தார்கள். இது நீடிக்குமா என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒருத்தி விலகிவிட்டாள்.

இயந்திரம் திரும்ப ஓடத் தொடங்கிய அன்று புதுக் கொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அக்கா அட்டையில் பாடசாலையின் பெயரை எழுதினார்.

“உங்கட பேரை எழுதுங்கோ அக்கா. கல்லிலதான் இல்லை, இதிலயாவது இருக்கட்டும்.”

அவர் பேனையை மூடினார்.

“வேண்டாம் தங்கச்சி. பிறகு பழுதானால் பேரைப் பார்த்து என்னைத்தானே பிடிப்பினம்.”