வன்னி ஆஸ்பத்திரியில் ஒரு நாள்

மாதம் ஒருமுறை முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராம ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய் நோயாளர்களைப் பார்த்து வருகிறேன். வவுனியாவிலிருந்து விடியப் புறப்பட்டால் எட்டு மணிக்குள் சேரலாம். அதற்கு முன்பே கிளினிக் கொப்பியும் கையுமாக அறுபது, எழுபது பேர் வாங்குகளில் இருப்பார்கள். பெரும்பாலும் பெண்கள்.

பிரஷர், சீனி வருத்தம் என்று வருகிறவர்களின் வேலை சீக்கிரம் முடியும். நேரம் எடுப்பது, 2009 போரில் ஏறிய செல் துண்டுகளை இன்னும் உடம்பில் வைத்திருப்பவர்களோடுதான். நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் பக்கத்தில் கிடப்பதை எடுக்கப் போனால் இருப்பதைவிடக் கேடாகலாம். இதை ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், உள்ளே இரும்பு இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள் என்றும் சொல்வேன். அதன் காந்தம் துண்டை அசைத்துவிடலாம்.

போன அருவி வெட்டுக் காலத்தில் ஒரு நாள். பதினொரு மணியளவில், வயலில் பாம்பு கடித்த ஒரு தாயை மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான். கணுக்காலுக்கு மேலே சேலைக் கிழிசலால் இறுக்கக் கட்டியிருந்தது. முதலில் விஷக்கல் வைக்கப் போனதில் ஒன்றரை மணி நேரம் கழிந்திருந்தது.

சகோதரிகளே, பாம்பு கடித்தால் கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். பாம்பைத் தேடியும் அலைய வேண்டாம். கடிபட்ட காலை அசையாமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். எண்ணெய் விரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகும். நுளம்பு வலையைப் பாயின் கீழ்ச் செருகிப் படுப்பது அதற்கும் காவல்.

அந்தத் தாயின் கால் வீங்கி, கண்ணிமை சரியத் தொடங்கியிருந்தது. புடையன் என்று சந்தேகித்தேன். பெரிய லாப் தேவையில்லை. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தத்தை விட்டு இருபது நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். நல்ல இரத்தம் உறைந்துவிடும்.

"வெட்டின நெல்லு வயலுக்கை கிடக்கு. மழைக்கு முதல் அள்ளோணும். எப்ப பிள்ளை விடுவியள்?" என்றார் அவர். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாயைச் சரித்தேன். தண்ணீராக ஓடியது.

விஷமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருவது. விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். நம் நாட்டில் பலருக்கு அது ஒவ்வாமல் போவதுண்டு. அவருக்கும் சற்று நேரத்தில் உடம்பு தடித்து மூச்சு இரைத்தது. மருந்தை நிறுத்தி, தயாராக வைத்திருந்த அட்ரினலினைப் போட்டு, அடங்கியதும் மெதுவாக மீண்டும் ஏற்றினோம். காலின் கட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். பிறகு தாதி ஒருவரோடு அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

வெளியே காத்திருந்தவர்களில் ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசி நம்பரைப் பார்த்து முடிய ஐந்து மணி.

மஃரிபுக்குப் பிறகு மகன் போன் எடுத்தான். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்த இரத்தம் உறைந்துவிட்டதாம். நெல்லை அயல் சனம் அள்ளிவிட்டதாம்.