மணலோடு போன தண்ணீர்

சென்னையிலிருந்து மங்களூர் போகும் ரயிலில், பாலக்காடு தாண்டியதும் இடது பக்க ஜன்னலுக்கு மவுசு அதிகம். பரளி, லக்கிடி, ஒற்றப்பாலம் என்று வழிநெடுக பாரதப்புழா கூடவே வருகிறது. மலையாளிகள் செல்லமாக நிளா என்று அழைக்கும் ஆறு. 209 கி.மீ. நீளம். கேரளத்தில் பெரியாறுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆனால் கோடை நெருங்கிவிட்டால் ஜன்னல் வழியே தெரிவது ஆறு அல்ல. நாணலும் புதருமாக ஒரு பெரிய மைதானம். அதன் ஓரத்தில் வாய்க்கால் அகலத்துக்கு ஒரு தண்ணீர்க் கோடு. மாடுகள் மேய்கின்றன. பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

கேரளத்தின் கலாசார அடையாளமான இந்த ஆறு பிறப்பது தமிழ்நாட்டில் என்பது சுவையான விஷயம். ஆனைமலைத் தொடரின் உச்சியான ஆனைமுடி இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் மறையூர் வழியாக இறங்கும் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. இந்தப் பக்கம் இறங்கும் ஆழியாறு, பொள்ளாச்சி சமவெளியைக் கடந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே நழுவுகிறது. ஒரே மலைத்தொடர், தண்ணீர் போய்ச் சேருவது இரண்டு கடல்களில். சித்தூரில் சித்தூர்புழாவாகவும், கீழே கண்ணாடிப்புழாவாகவும் பெயர் மாற்றிக்கொண்டு, தமிழ் அக்ரகாரங்களைத் தொட்டு வரும் கல்பாத்திப்புழாவோடு பரளியில் கலந்த பிறகுதான் இது பாரதப்புழா.

ஆறு வற்றினால் சித்தூர் விவசாயிகளின் விரல் முதலில் நீள்வது பொள்ளாச்சிப் பக்கம். 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர் பகுதிக்குச் சேர வேண்டும். மழை பொய்க்கும் ஆண்டுகளில் இதில் தகராறு வராமல் இருப்பதில்லை. ஆனால் வந்த தண்ணீரைப் பிடித்துவைக்க கீழே என்ன இருக்கிறது என்ற கேள்வியை எந்த மாநிலத்து அதிகாரியிடமும் கேட்க முடியாது. அந்தக் கணக்கு மணலில் இருக்கிறது.

ஆற்று மணல் வெறும் கட்டுமானப் பொருள் அல்ல. அது ஒரு தொட்டி. மணல் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடம், மொத்த அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 100 கன அடி மணலை அள்ளினால், 900 லிட்டர் தண்ணீர் தங்கும் இடமும் சேர்ந்து லாரி ஏறிவிடுகிறது. பருவமழையில் நிரம்பும் இந்தத் தொட்டி கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஆற்றை ஓடவைக்கும். கரையோரக் கிணறுகளையும் காப்பாற்றும். மணல் போய் பாறையும் களிமண்ணும் தலைகாட்டினால் மழைநீர் நேரே பொன்னானி கடலுக்கு ஓட்டம் பிடிக்கும். ஆற்றின் தரைமட்டம் இறங்க இறங்க, பக்கத்துக் கிணறுகளின் நீரும் ஆற்றை நோக்கிச் சரியும்.

எழுபதுகளில் வளைகுடாப் பணம் வரத் தொடங்கியபின் ஓட்டு வீடுகள் கான்கிரீட் வீடுகளாயின. வீடு உயர்ந்த அளவுக்கு ஆறு தாழ்ந்தது. கரையிலுள்ள கூடல்லூரில் பிறந்த எம்.டி. வாசுதேவன் நாயர், தன் கதைகளில் ஓடிய ஆறு கண்ணெதிரே சாவதைப் பற்றிப் பல முறை எழுதினார். 2001இல் கேரளம் ஆற்றுக் கரைகளைப் பாதுகாக்கவும் மணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்தவும் சட்டம் போட்டது. பாலங்களுக்கு 500 மீட்டருக்குள் அள்ளக்கூடாது என்பது அதில் ஒரு விதி. சட்டம் வந்து பத்து ஆண்டு கழித்து, 2011இல், ஷொர்ணூருக்கும் செறுதுருத்திக்கும் இடையே 1902இல் கட்டப்பட்ட பழைய கொச்சிப் பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. வயதான பாலம்தான். என்றாலும் அதன் கால்களைச் சுற்றிக் காணாமல் போன மணலையே ஊர் குறை சொன்னது.

போன தண்ணீரை எப்படி ஈடுகட்டுவது? அரசு கண்ட வழி ஷட்டர். திருத்தாலா அருகே வெள்ளியாங்கல்லிலும், கடலை ஒட்டிய சம்ரவட்டத்திலும் பாலத்தோடு சேர்த்து ஷட்டர்கள் போட்டுத் தண்ணீரைத் தேக்குகிறார்கள். சம்ரவட்டத்தில் மட்டும் 70 ஷட்டர்கள். 2012இல் திறப்பு விழா. பிறகு பார்த்தால் ஷட்டருக்கு அடியில் தண்ணீர் கசிந்தது. தேங்கும் நீர் குடிநீருக்கு உதவுகிறது, உப்பு ஏறுவதைத் தடுக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஷட்டருக்குப் பின்னால் நிற்பது குளம்.

மணலுக்கு மாற்றாக வந்தது எம்-சாண்ட். ஆற்றுக்கு நிம்மதி என்று பார்த்தால், அதற்காக உடைபடுவது குன்றுகள். மழையை வாங்கி ஓடைகளுக்கு விடும் குன்றுகளும் அதில் அடக்கம்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பாரதப்புழா கரை புரண்டது. பழைய நிளா திரும்பிவிட்டாள் என்று பாலங்களில் கூட்டம் கூடியது. சில வாரங்களிலேயே மணல் திட்டுகள் மறுபடி தெரிந்தன.

இன்றும் கோடையில் தெளிந்த நீரோடு வருவது, சைலன்ட் வேலியில் பிறக்கும் குந்திப்புழா. அணை கட்டும் திட்டம் கைவிடப்பட்டு 1984இல் தேசியப் பூங்காவான காடு அது. தூதப்புழாவில் சேர்ந்து அந்த நீர் கூடல்லூர் அருகே பாரதப்புழாவை அடைகிறது. அதற்கு மேலே உள்ள ஊர்களுக்கு அந்த யோகம் இல்லை. அங்கே கோடை வந்தால், குடிநீர் உறிஞ்சும் கிணறுகளின் பக்கம் நீரைத் திருப்ப ஆற்றின் குறுக்கே மூட்டைகளை அடுக்குகிறார்கள். மூட்டைக்குள் இருப்பது, மிச்சமிருக்கும் மணல்.