எங்கள் வீட்டு மூன்று செல்வங்கள்

நீலகிரி என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு மலர்க் கண்காட்சியும் படகுச் சவாரியும் நினைவுக்கு வரும். எங்களுக்கோ கேரட்டும் முட்டைக்கோசுமே நினைவுக்கு வரும். இன்று பலரும் போற்றும் உதகைத் தாவரவியல் பூங்காகூட, இம்மலையில் குடியேறிய வெள்ளையர்கள் தங்கள் வீடுகளுக்குக் காய்கறி கிடைக்க வேண்டிச் சந்தா செலுத்தி நடத்திய தோட்டமாகத்தான் தொடங்கிற்று. 1848-இல் மக்கைவர் என்னும் தோட்டக்கலை வல்லுநர் வந்த பிறகே அது பூங்காவாக உருப்பெற்றது. ஆகவே, எங்கள் வீட்டின் பின்னுள்ள ஐந்து சென்ட் தோட்டத்தை நாங்கள் தாழ்வாக எண்ணுவதில்லை!

நாங்கள் சகோதரிகள் மூவர். தோட்டம், கோழிகள், கம்பளிப் பின்னல் ஆகிய மூன்றும் முன்பு எங்களுக்கு விடுமுறைப் பொழுதுபோக்காகவே இருந்தன. 2022 ஜூன் மாதம் அப்பா வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலை மூடப்பட்டது. எட்டு மாதங்கள் வீட்டுக்குச் சம்பளம் வரவில்லை. அப்போதுதான் பத்தாம் வகுப்பில் காலடி வைத்திருந்த எங்கள் மூத்தவளை நிறுத்திக் கடை வேலைக்கு அனுப்பலாம் என்று உறவினர் சிலர் அறிவுரை கூறினர். அம்மா மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்திற்குப் போனார். நாங்களும் பின்தொடர்ந்தோம்.

எங்கள் நிலம் மலைச்சரிவு. மழைநீர் மண்ணை அடித்துச் செல்லாதபடி படிப்படியாகப் பாத்தி கட்டினோம். கேரட் விதை மிகப் பொடியானது. மணலுடன் கலந்து தூவினால்தான் சீராக விழும். ஏறக்குறைய நூறு நாட்களில் கிழங்கு திரண்டது. 2023 ஜனவரியில் உறைபனி விழுந்தது. ஒரே இரவில் பீன்ஸ் செடிகள் வெந்நீர் ஊற்றினாற்போல் கருகின. கேரட்டும் முட்டைக்கோசும் தாங்கி நின்றன. ‘ஒரே பயிரை நம்பாதீர்கள்’ என்று அம்மா அடிக்கடி சொல்வதன் பொருள் அன்று எங்களுக்கு விளங்கியது.

அடுத்துக் கோழிகள். செவலை, கருப்பி, புள்ளி முதலிய ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் எங்களிடம் இருந்தன. முட்டைக்கோசின் வெளியிலைகளும் சோற்று மிச்சமும் அவற்றிற்கு விருந்து. அவற்றின் எச்சத்தைப் பச்சையாகச் செடிக்கு இட்டால் வேர் கருகிவிடும். சருகுடன் கலந்து சில மாதம் மக்கவைத்த பின் இட்டால் அதுவே நல்ல உரம். முட்டைகளை அக்கம்பக்கத்தாருக்கு விற்றோம். ஆயினும், கட்டணம் செலுத்தும் நாள் நெருங்கியபோது இரண்டு கோழிகளையும் விற்க நேர்ந்தது. கருப்பியைக் கூடையில் வைத்து மூடியபோது எங்கள் இளையவள் கொல்லைப்புறத்தை விட்டு உள்ளே வரவே இல்லை. செவலையையும் கேட்டார்கள், அது அடைக்கு உட்கார்ந்திருந்ததால் அம்மா கொடுக்கவில்லை. ஒன்பது முட்டைகள். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் ஒளியில் பிடித்துப் பார்த்தோம். எட்டில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன! 21-ஆம் நாள் ஏழு குஞ்சுகள் வெளிவந்தன. இளையவள் அன்றுதான் பழையபடி சிரித்தாள்.

மூன்றாவது, கம்பளிப் பின்னல். புதுக் கம்பளி நூல் வாங்கக் கையில் காசில்லை. பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து, நூலை நாற்காலி முதுகில் சுற்றிக் கட்டி, அலசி, அடியில் சிறு கல்லைத் தொங்கவிட்டுக் காயவைத்தோம். நூலின் சுருள் நீங்கிவிட்டது. அதில் குழந்தைத் தொப்பிகளும் காலுறைகளும் பின்னிக் கடை ஒன்றில் கொடுத்தோம். வேலையிழந்த நாள் முதல் அதிகம் பேசாதிருந்த அப்பா, நூலைக் கண்டாகச் சுற்றும்போது இரு கைகளையும் நீட்டித் தாங்கிக்கொள்வார். ஒரு மாலை, “எனக்கும் சொல்லிக் கொடும்மா” என்று மூத்தவளிடம் ஊசியைக் கேட்டார். நான்கே நாட்களில் மப்ளர் பின்னத் தொடங்கிவிட்டார்! ஆண்பிள்ளை ஊசி பிடிக்கிறாரே என்று சிலர் நகைத்தனர். நகைத்தவர்களுள் ஒருவரே மறுவாரம் இரண்டு மப்ளர்கள் கேட்டு வந்தார்.

இம்மூன்றும் அப்பாவின் சம்பளத்திற்கு ஈடாகிவிட்டன என்று சொல்ல மாட்டோம். கடனும் வாங்கினோம், தொழிற்சாலை திறந்த பின் சிறிது சிறிதாக அடைத்தோம். ஆனால், மூத்தவள் ஒரு நாளும் பள்ளியை விட்டு நிற்கவில்லை. இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, இன்று செவிலியர் பயிற்சி பெறுகிறாள்.

தோழியரே! ஏட்டுக் கல்வி நமக்குக் கண் என்றால், கைத்தொழில் நமக்குக் கால். ஒரு தொட்டியில் கொத்தமல்லி விதையுங்கள். இரண்டு ஊசியும் ஒரு கண்டு நூலும் வாங்கிப் பழகுங்கள். முடங்கிய வேளையில் நம்மை எழுந்து நடக்கச் செய்பவை இத்தகைய சிறிய வேலைகளே என்பதை நாங்கள் கண்டறிந்தோம்.