வாசிப்புக் கொப்பியும் சிவப்பு மையும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவதென நாம் நெடிது சிந்திக்கவில்லை. கல்லூரித் தாய் எமக்கு ஈந்த நலன்களை எம்மினும் ஆற்றல் வாய்ந்தோர் எழுதுவர். நாமோ முப்பது ஆண்டுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு சாதாரண ஆசிரியர். அத்தொழிலிலே நாம் இழைத்த பிழையொன்றையும் அதனைத் திருத்திக்கொண்ட வகையையும் எழுதின், இன்று கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் ஓரளவேனும் பயன்படும் எனக் கருதினோம்.

கல்லூரி விடுதியில் நாம் வாழ்ந்த காலத்தில் எமது ஆங்கில ஆசிரியர் ஒரு கட்டளை விதித்திருந்தார். பாடநூலுக்குப் புறம்பாக மாதம் ஒரு நூலேனும் படித்தல் வேண்டும். அதிற் கண்ட நயமான சொற்றொடர்களைத் தனிக் கொப்பியில் எழுதிவைத்தல் வேண்டும். இவ்வழக்கம் பழமை வாய்ந்தது. ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் என்பார் இத்தகைய கொப்பிக்கு அகரவரிசைக் குறிப்பு அமைக்கும் முறையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அஃது அவர் மறைந்தபின் 1706-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. எமது கொப்பியும் அவ்வாறே நிறைந்தது. கட்டுரை எழுதுங்கால் அதிலிருந்து சொற்றொடர்களை எடுத்து அணிசெய்தோம். ஆசிரியர் மகிழ்ந்தார், நாமும் மகிழ்ந்தோம்.

1970-களின் பிற்பகுதியில் நானுஓயாப் பக்கத்துப் பாடசாலையொன்றில் ஆங்கிலம் கற்பிக்க நியமனம் பெற்றோம். கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கும் மேலே உள்ளது அவ்வூர். 1885-ல் அங்கு வந்து சேர்ந்த புகையிரதப் பாதையே அதனை ஊராக்கியது என்னலாம். நுவரெலியாவுக்குச் செல்வோர் இறங்கும் இடம் அது. எமது மாணவரோ இறங்கிச் செல்லும் பயணியர் அல்லர். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலிருந்து மூடுபனியூடே நடந்து வந்த தொழிலாளர் பிள்ளைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராவில் ஆறேழு பேர் வாழும் குடும்பம்; இரவிற் குப்பிலாம்பு ஒன்று; அதன் அருகே அடுப்பு. தனியே இருந்து ஒரு நூலைப் படிக்க அங்கே மூலையும் இல்லை, வேளையும் இல்லை.

பாடசாலையில் ஓர் அலுமாரி இருந்தது. அதனுள்ளே சுருக்கி எளிமையாக்கப்பட்ட ஆங்கிலக் கதைநூல்கள் சில கிடந்தன. டிக்கன்சின் ‘ஒலிவர் டுவிஸ்ட்’, டீபோவின் ‘ரொபின்சன் குரூசோ’, ஸ்டீவன்சனின் புதையல் தீவுக் கதை முதலியன. குறித்த சொற்றொகைக்குள் கதைகளை எளிமையாக்கும் முறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் மைக்கல் வெஸ்ட். வங்காளத்து டாக்காவிலே கல்விப் பணி புரிந்த அவர், ஆங்கிலம் பேசாத ஊர்களில் வாழும் மாணவர்க்கு வாசிப்பாற்றலே முதலில் வேண்டுமென 1920-களில் வாதிட்டார். அக்கருத்து எமக்கு உடன்பாடாயிற்று. அலுமாரியைத் திறந்தோம், பத்தாம் வகுப்பினர் முப்பத்துநால்வருக்கும் ஆளுக்கொரு நூல் ஈந்தோம். ‘ஒவ்வொருவரும் வாசிப்புக் கொப்பி வைத்தல் வேண்டும், வாரந்தோறும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதுதல் வேண்டும், பத்துப் புள்ளிகள்’ எனக் கட்டளையிட்டோம். எமது ஆசிரியரின் வழியிலேயே செல்வதாக எண்ணிப் பெருமிதமும் கொண்டோம்.

முதல் வாரத்துக் கொப்பிகளுள் ஒன்றை இன்றும் மறந்தோமல்லேம். ஒலிவர் என்னும் அநாதைச் சிறுவன் இன்னுங் கொஞ்சம் கஞ்சி கேட்கும் இடத்தைப் படித்த மாணவன் ஒருவன், தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் பொருள் இதுவாகும்: ‘நேற்று என் அம்மாவுக்கு அரைப்பேர் போட்டார்கள். மழையால் கொழுந்து குறைந்துவிட்டது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒலிவர் கேட்டான்.’

தோட்டத்து வழக்கை அறியாதார்க்குச் சொல்லுகின்றோம். நாட்கூலிக்குப் பெயர் பதிவதே ‘பேர்’, பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் பாதிக் கூலியே கிடைக்கும், அஃது அரைப்பேர். அம்மாணவன் அதற்கு ஆங்கிலச் சொல் அறியாது, சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதியிருந்தான். நாம் செய்தது யாது? அச்சொல்லைச் சிவப்பு மையால் வெட்டினோம். வினைச்சொற்களின் காலத்தைத் திருத்தினோம். ஓரத்தில், ‘இது கதையில் எங்கே உள்ளது?’ என எழுதினோம். பத்துக்கு மூன்று புள்ளி இட்டோம்.

அடுத்த வாரம் அவனது கொப்பியில் ஒரு பிழையும் இல்லை. ‘இது சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய சிறந்த கதை’ எனத் தொடங்கி ஆறு வாக்கியங்கள் அழகிய கையெழுத்தில் இருந்தன. எட்டுப் புள்ளி இட்டு, ‘நல்ல முன்னேற்றம்’ என்றும் எழுதினோம். தவணை இறுதியில் எல்லாக் கொப்பிகளையும் ஒருங்கே வைத்து நோக்கியபோதுதான் உண்மை விளங்கிற்று. அவ்வாறு வாக்கியங்களே பெரும்பாலான கொப்பிகளில் இருந்தன. நூலின் முன்னுரையிலிருந்து ஒருவன் எடுக்க, ஏனையோர் அவனிடமிருந்து எடுத்திருந்தனர். நூலின் பெயரும் ஆசிரியர் பெயருமே மாறியிருந்தன.

அம்மாணவனை அழைத்து வினவினோம். அவன் அஞ்சாமல், ஆனால் பணிவோடு சொன்னான்: “பிழை இல்லாம எழுதுறதுக்கு அதுதாங்க சேர் வழி.” எமக்கு மறுமொழி தோன்றவில்லை. அவன் கூறியது உண்மை. தன் மனத்தில் உள்ளதை எழுதியவனுக்கு மூன்று. பிறர் எழுதியதைப் பெயர்த்தவனுக்கு எட்டு. அவன் கற்ற பாடம் நாம் கற்பித்த பாடமேயாகும்.

மறு தவணையில் முறையை மாற்றினோம். கொப்பிக்குப் புள்ளி இல்லை. அதிற் சிவப்பு மையும் இல்லை. படித்த பக்கங்களின் எண், மனத்தைத் தொட்ட ஓரிடம், ஆசிரியரிடம் கேட்க ஒரு வினா என மூன்றே எழுதினால் போதும். ஆங்கிலச் சொல் வாராதவிடத்துத் தமிழ்ச் சொல்லை இடலாம். நூல் பிடிக்கவில்லையாயின் அதனையே எழுதி வேறு நூல் கேட்கலாம். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் நாம் நீல மையால் இரண்டு மூன்று வரி மறுமொழி எழுதினோம். நாளுக்கு ஏழு கொப்பிகளாக வாரத்துக்குள் முப்பத்துநான்கும் முடிந்துவிடும். பிழைகளை நாம் கைவிட்டோமல்லேம். பலர்க்கும் பொதுவான பிழைகளைப் பொறுக்கி, பெயர் கூறாது, வெள்ளிக்கிழமைதோறும் கரும்பலகையில் விளக்கினோம். வீட்டில் இடமில்லாமையால் பகலுணவு வேளையில் அரைமணி நேரம் வகுப்பறையிலேயே மௌன வாசிப்புக்கு ஒதுக்கினோம்.

பாடசாலையைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் திருத்தப்படாத பிழைகளைக் கண்டு எம்மைக் கடிந்தார். அவர் கடமையை அவர் செய்தார். ஆயினும் நாம் மீண்டும் சிவப்பு மையை எடுக்கவில்லை. அவ்வகுப்பார் அனைவரும் ஆங்கிலத்தில் சித்தியெய்தினர் என்று பொய்யுரைக்க மாட்டோம். ஆனால் கொப்பிகள் ஒன்றைப்போல் ஒன்று இராமற் போயின. பல்லாண்டு கழித்து, அமெரிக்க ஆசிரியை நான்சி அட்வெல் 1987-ல் வெளியிட்ட நூலொன்றில், மாணவரோடு வாசிப்பைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொள்ளும் முறையைக் கண்டோம். எமது வறிய வகுப்பறையில் நாம் தட்டித் தடவிக் கண்ட வழியும் அதுவே என அறிந்து வியந்தோம். நம்மவர்க்கும் இது புதிதன்று. பாடங் கேட்கும் முறையைக் கூறும் நன்னூலார், கேட்டதைச் சிந்தித்தலையும் வினாவுதலையும் மாணாக்கனுக்கு விதித்தாரன்றோ!

இனி ஒன்று சொல்லி முடிப்போம். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. அதன்படி மலைநாட்டுக் குடும்பங்கள் கோச்சி ஏறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் சென்றுகொண்டிருந்த காலம் அது. அரைப்பேர் எழுதிய மாணவனின் குடும்பத்துக்கும் நாள் வந்தது. அவன் நூலை அலுமாரியில் ஒப்படைத்தான். கொப்பியை எமது மேசையில் வைத்தான். மிகுதித் தாள்கள் வேறு யாருக்கேனும் உதவுமென்றான்.

அவன் சென்றபின் அதனைத் திறந்தோம். ‘ரொபின்சன் குரூசோ’ படித்து முடித்திருந்தான். இறுதிப் பக்கத்து வினாவின் பொருள் இது: ‘குரூசோ இருபத்தெட்டு வருடம் தீவில் இருந்து தன் ஊருக்குத் திரும்பினான். நாங்களும் திரும்பிப் போகிறோம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. சேர், இதற்கும் திரும்புதல் என்ற சொல்லை எழுதலாமா?’

சொல்லின் பொருளைக் கேட்டிருந்தான். ஆங்கில ஆசிரியரிடம் கேட்கத் தகுந்த வினாவே. கீழே மறுமொழிக்கென இடம் விட்டிருந்தான். அவனுக்கு எழுத முகவரி எம்மிடம் இல்லை. அவ்விடம் இன்றும் வெறுமையாகவே உள்ளது.

அதே புகையிரதப் பாதையில், வட்டகொடைக்கு அருகே மடக்கும்புரத் தோட்டத்தில் 1914-ல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் உலகறிய எழுதினார். லயத்திலும் அத்தகைய உள்ளங்கள் உள. அவை முதலிற் பேசத் துணியும் இடம் ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியாக இருக்கலாம்.

மாணவ நண்பர்களே! நுமது வாசிப்புக் கொப்பியில் பிறர் வாக்கியங்களை அடுக்காதீர். பிழைபடினும் நும் வாக்கியத்தை எழுதுமின். ஆசிரியப் பெருமக்களே! அதனைத் திருத்துமுன் ஒருமுறை வாசியுங்கள். எமக்கு எழுத்தறிவித்த கல்லூரி நீடு வாழ்க!