காமிராவுக்கும் பொருத்தம் பார்க்கவேண்டும்

பொருத்தம் என்றவுடன் நம்மவர் நினைவு திருமணத்தின்மேல் செல்வதே இயல்பு. தினம், கணம், ராசி, ரஜ்ஜு என்று ஆராய்ந்த பின்னரே நாம் சம்மதம் சொல்லுகிறோம். காமிராவுக்கும் அதில் மாட்டும் லென்ஸுக்கும் அத்தகைய ஆராய்ச்சி தேவை என்பதை எங்கள் குடும்பம் மும்பையில் அறிந்துகொண்டது.

எங்கள் தந்தையார் ரயில்வேப் பணியின்பொருட்டு இந்நகருக்கு வந்தவர். சிறுகச் சிறுகச் சேமித்து அவர் வாங்கிய ஒரே ஆடம்பரப் பொருள் ‘ஸெனிட்’ என்னும் ருஷ்யக் காமிரா. பணியில் இருக்கையிலேயே அவர் மறைந்தார். கருணை அடிப்படையில் அவருடைய வேலை எங்கள் வீட்டுக்கே வந்தது, காமிராவும் வந்தது. அதன் ஷட்டர் பழுதாகிவிட்டது. ஆனால் ‘ஹீலியாஸ்-44’ என்னும் 58 மி.மீ. லென்ஸில் ஒரு கீறலும் இல்லை.

அம்மா கும்பகோணத்தை அடுத்த சொந்த ஊருக்கே திரும்பிவிட முடிவு செய்தார்கள். போகுமுன் ஓர் ஆசை: மரீன் டிரைவில் கடலும் மலபார் ஹில்லும் பின்னால் தெரிய, அப்பாவின் லென்ஸால் ஒரு படம்.

எங்களிடம் பழைய நிக்கான் காமிரா ஒன்று இருந்தது. “ஒரு வளையம் போட்டால் போதும்” என்றார் கடைக்காரர். வளையம் மாட்டியது, லென்ஸும் திருகி அமர்ந்தது. அருகில் அம்மாவின் முகம் தெளிவாக விழுந்தது. கடலும் குன்றும் வெறும் மூட்டமாயின. எவ்வளவு திருகியும் பயனில்லை.

காரணம் ஒரு மில்லிமீட்டர்! லென்ஸ் அமரும் விளிம்புக்கும் பிலிம் அல்லது சென்சாருக்கும் இடையே குறித்த தூரம் இருக்கவேண்டும். 42 மி.மீ. மரை கொண்ட இவ்வகை லென்ஸுக்கு அது 45.46 மி.மீ. 1959இல் தோன்றிய நிக்கான் எஃப் அமைப்பிலோ 46.5 மி.மீ. தொலைவிலுள்ளவை தெளிய லென்ஸ் சென்சாரை நெருங்கவேண்டும். இங்கோ அதற்கு இடமில்லை. வளையத்தின் கனம் இன்னும் விலக்குகிறது. இக்குறையை ஈடுசெய்யக் கண்ணாடி பதித்த வளையங்கள் உண்டு. ஆனால் அவற்றால் படத்தின் கூர்மை குறையும்.

அகலப்பாதை 1676 மி.மீ.; மீட்டர் பாதை 1000 மி.மீ. மும்பையிலிருந்து சென்னை சேர்ந்து, எழும்பூரில் மீட்டர்பாதை வண்டி மாறிக் குடந்தை சென்ற பெரியோர்களுக்கு அளவு வேறுபாட்டின் தொல்லையை நாங்கள் விளக்கவேண்டியதில்லை.

அதே லென்ஸ் கேனான் ஈ.எஃப். காமிராவில் பொருந்தும். அங்கே தூரம் 44 மி.மீ.; ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வளையம் குறையை நிரப்பிவிடும். கண்ணாடித் தடுப்பில்லாத புதிய காமிராக்களில் இன்னும் வசதி. சோனி ஈ அமைப்பில் 18 மி.மீ., கேனான் ஆர்.எஃப்.பில் 20 மி.மீ., நிக்கான் இசட்டில் 16 மி.மீ. மட்டுமே. மிச்ச இடத்தை வளையம் நிரப்பும்.

இரண்டாவது பொருத்தம் சென்சாரின் அளவு. பிலிம் சட்டம் 36க்கு 24 மி.மீ. சிறிய சென்சார் ஏறத்தாழ 24க்கு 16 மி.மீ. அதில் 58 மி.மீ. லென்ஸ், 87 மி.மீ. லென்ஸைப்போலக் குறுகிய காட்சியே காட்டும். மாறாக, சிறிய சென்சாருக்கென்றே செய்த லென்ஸைப் பெரியதில் மாட்டினால் மூலைகள் இருண்டுவிடும். பழைய லென்ஸ் தானாகக் குவியாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். குவிப்பதும் துளையைக் குறுக்குவதும் கைவேலையே.

நிக்கானை விற்று, பழைய சோனி ஒன்றை வாங்கினோம். அம்மாவைச் சற்று எட்டி உட்காரவைத்து, துளையை 16க்குக் குறுக்கிப் படமெடுத்தோம். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஊர் முழுக்கத் தெரியுதே!” என்றார்கள். அப்படம் இப்போது ஊர் வீட்டுக் கூடத்தில், தந்தையார் படத்தின் பக்கத்தில் இருக்கிறது.

நம் சங்கத்தார் பலர் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இத்தகைய லென்ஸுகள் உறங்கக்கூடும். அவற்றைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட வேண்டா. வளையம் வாங்குமுன், “மாட்டுமா?” என்று மட்டும் கேளாமல், “தொலைவு தெளியுமா?” என்றும் கேளுங்கள். கடையிலேயே மாட்டி, தெருக்கோடியை நோக்கிப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.